முன்பதிவுக்கு முன் படிக்க வேண்டிய பக்கங்கள்: பயணக் காப்பீட்டில் எவையெல்லாம் சேராது?

முன்பெல்லாம் மண்ணடியிலோ பாரிமுனையிலோ உள்ள டிராவல்ஸ் கடையில் பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டு வந்தால், விமானச் சீட்டு, விசா, தங்குமிடம், ஊர் சுற்றிக்காட்டும் வண்டி ஆகிய எல்லாவற்றையும் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். இப்போது வடசென்னையில் ராயபுரத்திலும் தண்டையார்பேட்டையிலும் பெரம்பூரிலும் உள்ள பல குடும்பங்கள், அரையாண்டு விடுமுறைக்குக் கொழும்புக்கோ பாங்காக்குக்கோ கோலாலம்பூருக்கோ செல்ல வேண்டுமென்றால், கைப்பேசியிலேயே விமானச் சீட்டை ஓரிடத்திலும் அறையை இன்னோரிடத்திலும் தனித்தனியாக முன்பதிவு செய்துகொள்கின்றன. செலவு குறைகிறது, விருப்பம்போலத் திட்டமிட முடிகிறது என்பதெல்லாம் உண்மை. ஆனால் இப்படிச் செய்யும்போது மொத்தப் பயணத்துக்கும் பொறுப்பேற்று நிற்கும் ஒரே ஆள் என்று எவரும் இருப்பதில்லை. விமான நிறுவனம் தன் விமானத்துக்கு மட்டும் பொறுப்பு, விடுதி தன் அறைக்கு மட்டும் பொறுப்பு. இவற்றுக்கிடையே ஏற்படும் இழப்பைத் தாங்குவதற்கு இருப்பது பயணக் காப்பீடு ஒன்றுதான். அந்தக் காப்பீடு எவற்றுக்கெல்லாம் பணம் தராது என்பதை, முதல் சீட்டுக்குப் பணம் கட்டுவதற்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுதான் இக்கட்டுரையின் வாதம்.

நம்மில் பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். சீட்டு, அறை, விசா எல்லாம் முடிந்த பிறகு, கிளம்புவதற்கு முந்தைய நாள் இரவில், விலை குறைவாக எது இருக்கிறதோ அந்தப் பாலிசியை எடுக்கிறோம். பயணம் ரத்தாவதற்கான காப்பு, பெரும்பாலான பாலிசிகளில், பாலிசி எடுத்த நேரத்திலிருந்து கிளம்பும் நேரம் வரைக்கும் உரியது. மருத்துவச் செலவுக்கான காப்பு கிளம்பிய பிறகு தொடங்குகிறது. கடைசி இரவில் எடுத்தால் முதல் காப்பின் காலம் முழுவதும் ஏற்கெனவே கடந்துபோயிருக்கும். அதைவிடப் பெரிய இழப்பு, விலக்குகளை, அதாவது எவற்றுக்குப் பணம் கிடையாது என்று சொல்லும் விதிகளைப் படித்துத் திட்டத்தை மாற்றிக்கொள்ளும் வாய்ப்பு போய்விடுவதாகும். திரும்பப் பெற முடியாத கட்டணத்தில் அறை எடுப்பதா, சற்றுக் கூடுதலாகக் கொடுத்து ரத்துசெய்யக்கூடிய அறையை எடுப்பதா என்ற முடிவை, காப்பீடு எங்கே கைவிடும் என்று தெரிந்த ஒருவரால்தான் சரியாக எடுக்க முடியும்.

படிக்க வேண்டிய ஆவணம் எது என்பதிலேயே குழப்பம் உண்டு. விளம்பரப் பக்கத்தில் இருப்பது பலன்களின் பட்டியல் மட்டுமே. பாலிசியின் முழு விதிமுறைகள் தனிக் கோப்பாக நிறுவனத்தின் இணையதளத்தில் இருக்கும். பணம் கட்டாமலேயே அதைப் பதிவிறக்கிக்கொள்ளலாம். அதிலும் முதலில் சொல்விளக்கப் பகுதியைப் படிக்க வேண்டும், அடுத்து விலக்குகள், பிறகே பலன்கள். ஏனெனில் ஒரு கிளெய்ம் மறுக்கப்படுவதற்கான காரணம் விலக்குகள் என்ற தலைப்பின் கீழ் மட்டும் இருப்பதில்லை; ‘மருத்துவமனை’, ‘குடும்பத்தினர்’, ‘பொதுப் போக்குவரத்து’ போன்ற சொற்களுக்குக் கொடுக்கப்பட்டுள்ள விளக்கத்துக்குள்ளேயே பல மறுப்புகள் அடங்கியிருக்கின்றன. விமானச் சீட்டு வாங்கும்போது அதே பக்கத்தில் சில நூறு ரூபாய்க்குச் சேர்த்துத் தரப்படும் காப்பீட்டை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் அது அந்த விமானப் பயணத்தை மட்டுமே சார்ந்தது. நாம் கேட்காமலே அதைக் கட்டணத்தில் சேர்த்துவிடுவது, 2023 நவம்பர் 30 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுதல்களின்படி தடைசெய்யப்பட்ட வணிகமுறை. விமானச் சீட்டுடன் தானாகச் சேரும் பயணக் காப்பீட்டையே அந்த வழிகாட்டுதல் எடுத்துக்காட்டாகச் சொல்கிறது.

விலக்குகளில் மிகுதியான குடும்பங்களைப் பாதிப்பது, ஏற்கெனவே இருக்கும் நோய் பற்றியது. பெற்றோரை அழைத்துக்கொண்டு போகும் எவரும் இந்த ஒரு பகுதிக்காகவே ஒரு மாலைப் பொழுதை ஒதுக்கலாம். சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் இல்லாத வீடு அரிதாகிவிட்டது. ஸ்டான்லி மருத்துவமனையில் மாதந்தோறும் மாத்திரை வாங்குகிறவர்களும், 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் வழியாக வீட்டுக்கே மாத்திரை வரப்பெறுகிறவர்களும் இப்பகுதியில் ஏராளம். அவர்களிடம் நோய் ஏதும் உண்டா என்று கேட்டால், மனமறிந்து பொய் சொல்லும் எண்ணம் சிறிதும் இல்லாமல், “அப்படி ஒன்றும் இல்லை, மாத்திரை மட்டும் போட்டுக்கொள்கிறேன்” என்பார்கள். காப்பீட்டு நிறுவனத்தின் கணக்கில் அந்த மாத்திரையே நோய்க்குச் சான்று. நோய் கண்டறியப்பட்டதும், மருத்துவ ஆலோசனை பெற்றதும், சிகிச்சை பெற்றதும் எல்லாமே ஏற்கெனவே இருக்கும் நோய் என்ற விளக்கத்துக்குள் வருகின்றன.

உள்ளூர் மருத்துவக் காப்பீட்டில் இந்த நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் உண்டு, அதாவது பாலிசி எடுத்துக் குறிப்பிட்ட மாதங்கள் கழிந்த பிறகே அவற்றுக்குப் பணம் கிடைக்கும். அதன் உச்சவரம்பை 2024-இல் காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையம் 48 மாதங்களிலிருந்து 36 மாதங்களாகக் குறைத்தது. அந்தக் காலம் முடிந்த பாலிசி கையில் இருப்பதால் வெளிநாட்டிலும் பாதுகாப்பு இருக்கும் என்று எண்ணுவது தவறு. பத்து நாள் பயணக் காப்பீடு தனியான புதிய ஒப்பந்தம். அதில் காத்திருந்து கழிப்பதற்குக் காலமே கிடையாது, விலக்கு முதல் நாளிலிருந்து கடைசி நாள்வரை நீடிக்கும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமோ, மணலி, அம்பத்தூர் ஆலைத் தொழிலாளர்கள் நம்பியிருக்கும் இ.எஸ்.ஐ. மருத்துவ வசதியோ சுற்றுலாவாகக் கடல் கடந்து போனவரின் மருத்துவமனைச் செலவுக்கு உதவுவதில்லை. சில பயணப் பாலிசிகள், ஏற்கெனவே உள்ள நோயால் உயிருக்கு ஆபத்து நேர்ந்தால் மட்டும், அதுவும் ஒரு சிறு உள்வரம்பு வரைக்கும், அவசர சிகிச்சைக்குப் பணம் தருகின்றன. பாலிசியின் முகப்பில் 50,000 டாலர் என்று இருந்தாலும், இந்த உள்வரம்பு அதில் ஒரு சிறு பகுதியாகத்தான் இருக்கும். அறுபது வயதைக் கடந்தவர்களுக்கு அறை வாடகை, அறுவைச் சிகிச்சை ஆகியவற்றுக்குத் தனித்தனி வரம்புகள் விதிக்கும் பாலிசிகளும் உண்டு. ஆகவே அப்பாவுக்கு எடுக்கும் பாலிசியில் முகப்புத் தொகையைப் பார்ப்பதைவிட, இந்த உள்வரம்பு எவ்வளவு என்று பார்ப்பதே பயன் தரும்.

பாலிசி கேட்டு நாம் நிரப்பிக் கொடுக்கும் முன்மொழிவுப் படிவத்தில் உண்மையை முழுமையாக எழுதினால் பிரீமியம் கூடுமே, பாலிசியே மறுக்கப்படுமே என்று தயங்குகிறவர்கள், உச்ச நீதிமன்றம் 2021 டிசம்பர் 6 அன்று அளித்த தீர்ப்பைத் தெரிந்துகொள்வது நல்லது. 2009-இல் வெளிநாட்டுப் பயண மருத்துவப் பாலிசி எடுத்து அமெரிக்கா சென்ற ஒருவருக்கு, சான் பிரான்சிஸ்கோ விமான நிலையத்தில் இறங்கியதும் மாரடைப்பு ஏற்பட்டது. இதய ரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைக்க வேண்டியதாயிற்று. தமக்குச் சர்க்கரை நோய் உண்டு என்பதை அவர் முன்பே தெரிவித்திருந்தார், மருத்துவப் பரிசோதனையும் நடந்திருந்தது. ஆயினும் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை சாப்பிட்டதைச் சொல்லவில்லை என்று கூறி நிறுவனம் பணம் தர மறுத்தது. நீதிபதிகள் டி.ஒய். சந்திரசூட், பி.வி. நாகரத்னா அமர்வு அந்த மறுப்பு சட்டவிரோதமானது என்றது. உடல்நிலையை அறிந்து மதிப்பிட்டுப் பாலிசி கொடுத்துவிட்ட பிறகு, படிவத்தில் தெரிவிக்கப்பட்ட நோயையே காரணம் காட்டிப் பின்வாங்க முடியாது என்பது அத்தீர்ப்பின் சாரம். பயணிகளுக்குத் துணைநிற்கும் தீர்ப்புதான். ஆனால் பாலிசி எடுத்ததற்கும் தீர்ப்பு வந்ததற்கும் இடையே பன்னிரண்டு ஆண்டுகள் ஓடிவிட்டன என்பதையும், அவருக்குக் கைகொடுத்தது சர்க்கரை நோயை மறைக்காமல் சொன்னதுதான் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். படிவம் நிரப்பும்போது மாத்திரை அட்டைகளை எல்லாம் மேசைமேல் வைத்துக்கொண்டு, கொழுப்பு மாத்திரை, தைராய்டு மாத்திரை உட்பட ஒவ்வொன்றின் பெயரையும் எழுதிவிடுவதைத்தான் நான் உறுதியாகப் பரிந்துரைப்பேன். வெளிநாட்டு மருத்துவமனையில் சேர்க்கும்போது பணி மருத்துவர் கேட்கும் முதல் கேள்வியே, எத்தனை ஆண்டுகளாக என்ன நோய் இருக்கிறது என்பதுதான். அந்தப் பதில் நோயாளியின் கோப்பில் முதல் வரியாகப் பதிவாகும், கிளெய்மைப் பரிசீலிப்பவர் அதையும் முன்மொழிவுப் படிவத்தையும் அருகருகே வைத்துத்தான் பார்ப்பார்.

அடுத்தது, கூட்டுக் குடும்ப வாழ்க்கை இன்னும் உயிரோடிருக்கும் நம் பகுதிக்கு மிகவும் பொருந்துவது. குடும்பத்தில் ஒருவர் இறந்தாலோ கடுமையாக நோயுற்றாலோ பயணத்தை ரத்துசெய்யலாம், திரும்பக் கிடைக்காத பணத்தைத் தருவோம் என்று பல பாலிசிகள் சொல்கின்றன. அந்தக் ‘குடும்பத்தினர்’ யார் என்பதைச் சொல்விளக்கத்தில் பார்த்தால், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள், பெற்றோர் என்ற அளவோடு நின்றிருக்கும். உடன்பிறந்தோரும் மாமனார் மாமியாரும் சிலவற்றில் உண்டு, சிலவற்றில் இல்லை. தாய்மாமன் இறந்த வீட்டில் மறுநாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு விமான நிலையத்துக்குப் போகும் குடும்பம் நம்மிடையே இல்லை. பெரியப்பாவுக்கும் சித்திக்கும் அப்படியே. ஆனால் இவர்களில் எவரும் பெரும்பாலான பாலிசிகளின் கணக்கில் வருவதில்லை. வீட்டில் வயது முதிர்ந்த பெரியப்பா படுக்கையில் இருக்கிறார் என்றால், காப்பீட்டை நம்பாமல் ரத்துசெய்யக்கூடிய சீட்டையும் அறையையும் எடுப்பதே அறிவுடைமை. விடுப்பு கிடைக்கவில்லை, பிள்ளையின் தேர்வுத் தேதி மாறிவிட்டது, மனம் மாறிவிட்டது என்பவற்றுக்கும் வழக்கமான பாலிசியில் இடமில்லை. விசா மறுக்கப்படுவதும் பெரும்பாலானவற்றில் விலக்குதான். ஆதலால் விசா வேண்டிய நாடுகளுக்கு, விசா கையில் வரும்வரை திரும்பப் பெற முடியாத எதையும் வாங்காமலிருப்பது நல்லது. ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்கு மட்டும் நடைமுறை வேறு: குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்புள்ள, எல்லா ஷெங்கன் நாடுகளிலும் பயணக் காலம் முழுவதும் செல்லுபடியாகும் பாலிசியை விண்ணப்பத்துடனேயே இணைக்க வேண்டும். அந்த நிபந்தனையை நிறைவுசெய்யும் பாலிசி விசாவுக்குப் போதுமானது என்றுதான் பொருளே தவிர, உங்கள் தேவைகளுக்குப் போதுமானது என்று பொருளல்ல.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் பயணம் வைத்துக்கொள்ளும் சென்னைவாசிகள் மறக்கக்கூடாத விலக்கு, முன்பே தெரிந்த நிகழ்வு பற்றியது. மிக்ஜாம் புயலின்போது 2023 டிசம்பர் 4 அன்று சென்னை விமான நிலையம் மூடப்பட்டது. ஃபெஞ்சல் புயலுக்காக 2024 நவம்பர் 30 அன்றும் விமானங்கள் நிறுத்தப்பட்டன. 2015 டிசம்பர் வெள்ளத்தில் பல நாட்கள் ஓடுபாதையே நீரில் இருந்தது. இத்தகைய இயற்கைச் சீற்றத்தால் பயணம் தடைபட்டால் பணம் தரும் பாலிசிகள் உண்டு. ஆனால் பாலிசி எடுத்த நாளில் அந்த நிகழ்வு அறிவிக்கப்பட்டிருந்தாலோ, எதிர்பார்க்கத்தக்கதாக இருந்தாலோ காப்பு கிடையாது. புயல் ஒரே நாளில் வந்துவிடுவதில்லை. காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி, தாழ்வு மண்டலம் என்று வளர்ந்து, வானிலை ஆய்வு மையம் நாளுக்கு நாள் அறிக்கை விடுத்த பிறகே பெயர் பெறுகிறது. காசிமேட்டில் படகுகள் கரையேறி, துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றிய பின் எடுத்த பாலிசியை வைத்து அந்தப் புயலுக்கு இழப்பீடு கேட்க முடியாது. டிசம்பர்ப் பயணத்துக்கு அக்டோபரிலேயே, அதாவது முதல் முன்பதிவு செய்யும் அன்றே, பாலிசி எடுத்துவிடுவதற்கு இதைவிட வலுவான காரணம் வேண்டியதில்லை.

விமானம் நேரத்துக்குப் புறப்பட்டு, நாம் விமான நிலையத்துக்குப் போய்ச் சேர முடியாமற்போனால் என்ன ஆகும்? எண்ணூரிலிருந்தும் திருவொற்றியூரிலிருந்தும் மீனம்பாக்கம் போவதற்கு நகரத்தை வடக்கிலிருந்து தெற்காகக் கடக்க வேண்டும். வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றால் என்ன நடக்கும் என்பது இப்பகுதியினர் எல்லோருக்கும் தெரியும். சொந்தக் காரிலோ வாடகை ஆட்டோவிலோ போய் மழைநீரில் சிக்கி விமானத்தைத் தவறவிட்டால் பெரும்பாலான பாலிசிகள் ஒன்றும் தருவதில்லை. சில பாலிசிகள், நேர அட்டவணைப்படி ஓடும் பொதுப் போக்குவரத்து தடைபட்டதால் தாமதம் ஏற்பட்டது என்று அந்தப் போக்குவரத்து நிறுவனம் எழுதிக் கொடுத்தால் மட்டும் ஏற்றுக்கொள்கின்றன. விம்கோ நகரிலிருந்து விமான நிலையத்துக்கு நேரடி மெட்ரோ ரயில் இருப்பதால், மழை நாட்களில் அதை நம்புவது இரண்டு வகையிலும் பாதுகாப்பு.

தானே திட்டமிடும் பயணத்தின் மிகப் பலவீனமான இடம், தனித்தனியாக வாங்கிய இரண்டு சீட்டுகள் சந்திக்கும் இடம். சென்னையிலிருந்து கொழும்புக்கு ஒரு நிறுவனத்திலும், அங்கிருந்து மாலத்தீவுக்கு இன்னொரு நிறுவனத்திலும் சீட்டு வாங்கினால், முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது போய்விட்டாலும் எந்த நிறுவனமும் பொறுப்பேற்காது. இணைப்பு விமானம் தவறினால் பணம் தரும் பாலிசிகளிலும், இத்தனை மணி நேரத்துக்கு மேல் தாமதம் இருக்க வேண்டும், இரண்டுக்கும் இடையே குறைந்தது இத்தனை மணி நேரம் விட்டிருக்க வேண்டும் என்ற நிபந்தனைகள் உண்டு. இவற்றைப் படித்துவிட்டு முன்பதிவு செய்தால், மூன்று மணி நேர இடைவெளிக்குப் பதிலாக ஆறு மணி நேரம் விட்டிருப்போம். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் தொடங்கி, இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் இயங்கத் தொடங்கிய கப்பலில் யாழ்ப்பாணம் போக விரும்புவோருக்கு இன்னொரு கேள்வியும் எழுகிறது: தாமதத்துக்கும் ரத்துக்கும் உரிய பலன் விமானத்துக்கு மட்டுமா, கப்பலுக்கும் உண்டா? கடல் கொந்தளிப்பால் சேவை நிறுத்தப்படுவது அந்தத் தடத்தில் வழக்கமான ஒன்று. நிறுவனமே நொடித்துப்போவதும் பல பாலிசிகளில் விலக்கு. 2023 மே மாதத் தொடக்கத்தில் கோ ஃபர்ஸ்ட் விமானங்கள் திடீரென நின்றபோது முன்பதிவு செய்தவர்களின் பணம் திவால் நடைமுறைக்குள் சிக்கியதை நினைவில் கொள்ளலாம். போரும் அப்படியே. 2025 ஜூன் 23 அன்று கத்தார் தன் வான்வெளியை மூடியதும் தோஹா வழியே செல்லும் விமானங்கள் தடுமாறின. அத்தகைய நிகழ்வால் விளையும் இழப்பைப் பெரும்பாலான பாலிசிகள் போர் விலக்கின் கீழ் வைக்கின்றன.

தாய்லாந்திலும் வியட்நாமிலும் ஸ்கூட்டரை வாடகைக்கு எடுப்பது எளிது என்பதால் அது அனுமதிக்கப்பட்டது என்று ஆகிவிடாது. அந்த நாட்டில் செல்லுபடியாகும், அந்த வகை வண்டிக்குரிய உரிமம் இல்லாமல் ஓட்டினாலும், தலைக்கவசம் இல்லாமல் ஓட்டினாலும், மது அருந்தியிருந்தாலும் மருத்துவச் செலவே மறுக்கப்படலாம். வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் தரும் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி ஓராண்டு செல்லும். அது 1949-ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கையின்படி வழங்கப்படுவது. வியட்நாம் ஏற்பதோ 1968-ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையின் அனுமதியை. எனவே நம்முடைய அனுமதி கையில் இருந்தாலும் அங்கே அது உரிமமாகாது, விபத்து நேர்ந்தால் காப்பீடும் துணைக்கு வராது. கடலுக்கடியில் மூழ்கிப் பார்ப்பது, பாராசெயிலிங், மலையேற்றம் ஆகியவை சாகச விளையாட்டு என்ற பெயரில் விலக்கப்பட்டிருக்கும். துறைமுகத்திலிருந்து கப்பலேறி அந்தமான் போகிறவர்களுக்கும் உள்நாட்டுப் பாலிசியில் இதே விலக்கு காத்திருக்கிறது. கூடுதல் பிரீமியம் கட்டி இதைச் சேர்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டறிய வேண்டும்.

பெட்டி, பொருள் இழப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நகை, ரொக்கம் ஆகியவை அநேகமாக எல்லாப் பாலிசிகளிலும் விலக்கு. கழுத்தில் கிடக்கும் தாலிச் சங்கிலி தவிர மற்ற தங்கத்தை வீட்டிலேயே விட்டுச் செல்லலாம். பார்வையிலிருந்து விலகி வைத்த பைக்கும் பணம் கிடைக்காது. திருட்டுக்கு அந்த ஊர்க் காவல் நிலையத்தின் எழுத்துப் பதிவு இல்லாமல் எதுவும் நகராது.

உள்நாட்டு ரயில் பயணத்தில் ஐ.ஆர்.சி.டி.சி. தளத்தில் 45 பைசாவுக்குக் கிடைக்கும் விருப்பக் காப்பீட்டைப் பலர் முழுப் பயணக் காப்பீடாக எண்ணிவிடுகிறார்கள். ரயில் விபத்தில் இறப்போ நிரந்தர முழு ஊனமோ நேர்ந்தால் 10 லட்சம் ரூபாய், மருத்துவமனைச் செலவுக்கு 2 லட்சம் வரை என்று அது தருவது அந்த விலைக்குப் பெரிது, தவறாமல் எடுக்க வேண்டியது. ஆனால் ரயில் தாமதமானதற்கோ, அறை முன்பதிவு வீணானதற்கோ, வழியில் காய்ச்சல் வந்ததற்கோ அதில் ஒன்றுமில்லை. சீட்டு எடுத்த பின் வரும் இணைப்பில் வாரிசுதாரர் பெயரை நிரப்புவதையும் பலர் விட்டுவிடுகிறார்கள்.

விதிமுறைகளைப் படித்தும் ஐயம் தீராவிட்டால், தொலைபேசியில் கேட்டுத் திருப்தி அடைந்துவிடாமல் மின்னஞ்சலில் கேட்க வேண்டும். கேள்வி குறிப்பாக இருக்கட்டும்: என் தந்தைக்கு வயது 64, இன்ன மாத்திரைகள் சாப்பிடுகிறார், பயணத்தில் மாரடைப்பு ஏற்பட்டால் எவ்வளவு தருவீர்கள்? என் மாமியார் இறந்து பயணம் ரத்தானால் தருவீர்களா? இப்படி எழுத்தில் வாங்கிய பதில் பிற்காலத்தில் சான்றாகும். பாலிசிதாரருக்குத் தெரிவிக்கப்படாத விலக்கு விதியை அவர்மீது சுமத்த முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2019-இல் ஒரு வழக்கில் கூறியிருக்கிறது; எனினும் இணையத்தில் ‘விதிமுறைகளைப் படித்தேன்’ என்ற கட்டத்தைச் சொடுக்கியவர் அந்த வாதத்தை வைப்பது கடினம்.

கிளெய்ம் மறுக்கப்பட்டால், எந்த விதியின் கீழ் மறுக்கிறோம் என்பதைக் குறிப்பிட்டு எழுத்தில் தெரிவிப்பது நிறுவனத்தின் கடமை. அதைப் பெற்ற பிறகு முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப் பிரிவுக்கு எழுத வேண்டும். ஒரு மாதத்துக்குள் பதில் இல்லையென்றாலோ, பதில் ஏற்கும்படி இல்லையென்றாலோ, ஓராண்டுக்குள் சென்னை அண்ணா சாலையில் தேனாம்பேட்டையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் அலுவலகத்தை நாடலாம். கட்டணமும் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. 50 லட்சம் ரூபாய் வரையிலான இழப்பீட்டுக்கு அவர் அளிக்கும் தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். நுகர்வோர் வழக்காகப் போக விரும்பினால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, நிறுவனத்தின் தலைமை அலுவலகம் மும்பையில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். நம் பகுதிக்கு அது சென்னை (வடக்கு) மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கால வரம்பு இரண்டு ஆண்டுகள். இரண்டு இடங்களிலும் முதலில் கேட்கப்படும் தாள்கள், நிரப்பிய முன்மொழிவுப் படிவத்தின் நகலும், பாலிசி எடுத்த அன்று நடைமுறையிலிருந்த விதிமுறைக் கோப்பும்தான். நிறுவனங்கள் அக்கோப்பை அவ்வப்போது மாற்றி வெளியிடுவதால், பணம் கட்டும் அன்றே அதைப் பதிவிறக்கித் தேதியுடன் சேமித்து வைத்துக்கொள்ள வேண்டும்.